இன்னும் ரெண்டு கிலோ

அத அங்கனயே வை தம்பி, பிரிக்காத. டப்பாவப் பாத்தாலே தெரியுது, முதலூர் மஸ்கோத் அல்வா. மாமியா வீட்டுல ரெண்டு நாளு இருந்துட்டு வார வழியில வாங்கினியாக்கும். நல்லாரு. தேங்காப்பால்ல கிண்டினது, உங்க அண்ணன் கிட்னிக்கு ஆகாது. சீனி, என் வயித்துக்கு ஆகாது. இந்த வீட்டுல இதத் தின்னுதது எம் மக ஜாஸ்லின் ஒருத்திதான், அவளும் ஹாஸ்டல்ல இருக்கா.

ஒரே ஒரு துண்டா? எல்லாரும் ஒரே ஒரு துண்டுன்னுதான் சொல்லுதாக. அந்த ஒரே ஒரு துண்டு உள்ள போனா பத்து நிமிசத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும், கண்ணு இருட்டிட்டு வரும். அப்புறம் மைனியத் தூக்கிக் கட்டில்ல போட நீதான் வரணும். வருவியா? சரி விடு.

என்ன அப்பிடிப் பாக்க? ஆமா, மெலிஞ்சுதான் போயிட்டேன். போன வருசம் நீ வந்தப்ப நூத்திப் பன்னெண்டு கிலோ. இன்னைக்கு எழுவத்தேழு. இன்னும் ரெண்டு கிலோ எறங்கணும். வார வியாழக்கிழமை மதுரைல போயி மெசின்ல ஏறி நிக்கும்போது எழுவத்தஞ்சு காட்டணும். காட்டலன்னா இவ்வளவு பாடுபட்டதுக்கும் அர்த்தமில்ல. என்னத்துக்கா? சொல்லுதேன், சொல்லாம எங்க போகப் போறேன். மொதல்ல உக்காரு. இன்னைக்கு உங்க அண்ணனுக்கு டயாலிசிஸ். வர நாலு மணி ஆவும்.

வீட்டுக் குரூப்புல நீ போட்ட வாய்ஸ் மெசேஜ நான் கேட்டேன் பெவின். முழிக்காத. நீ அழிச்சிட்ட, தெரியும். அழிக்கதுக்கு முந்தி ரெண்டு தடவ கேட்டுட்டேன். அண்ணன் வாரத்துக்கு மூணு நாளு மெசின்ல கெடக்காக, மைனிக்கு இப்பத்தான் வயித்த வெட்டி அழகாகணுமாக்கும்னு பேசிருக்க. மஸ்கட்ல ஏசி ரூம்ல இருந்துக்கிட்டுச் சொல்லுத. அதுக்கு உங்க சித்தி ஒரு கைகூப்புத பொம்மையப் போட்டிருக்கா. ஆபரேசன் முடிஞ்சு ஒம்போதாவது நாளு அது. ஒரு முழுங்கு தண்ணி உள்ள எறங்காம நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு இங்கனதான் உக்காந்திருந்தேன். போன வச்சிட்டு, இவன் நேர்ல வரட்டும்னு இருந்தேன். வந்துட்டல்லா, கேளு.

எடுத்த எடுப்புல போயிக் கத்தியில படுக்கல நான். மொதல்ல நடந்தேன். காலையில ரோச் பூங்காவுக்குப் போயி ஒரு மாசம் நடந்தேன். காலேஜு படிக்க பயலுவ நாலு பேரு, ஏலே கன்டெய்னர் வருது, ஓரம் போங்கலேன்னு சிரிக்கான். நான் பாடம் எடுத்த பய ஒருத்தன் அதுல நிக்கான்! எட்டாம் வகுப்புல கூட்டல் தெரியாம என் பின்னாலயே சுத்தின சவத்து மூதி. வா இங்கன, இப்பவாவது உனக்குக் கூட்டல் வருமான்னு கேட்டேன், ஓடிட்டான். ஒரு மாசத்துல ஒரே ஒரு கிலோதான் கொறஞ்சிச்சு, முட்டி வீங்கிச்சு. டாக்டர் கணக்குப் போட்டுப் பாத்துட்டு, இந்த வேகத்துல போனா மூணு வருசம் ஆகும்மான்னுட்டாரு. எங்களுக்கு மூணு வருசம் ஏது?

ஆபரேசனுக்கு முந்தி ரெண்டு வாரம் வெறும் தண்ணியும் மோரும் பவுடர் கரைச்சதும்தான். ஈரல்ல கொழுப்பு ஏறிக் கெடக்கு, அது சுருங்கினாத்தான் உள்ள கேமராவ விட முடியும்னுட்டாக. அந்த ரெண்டு வாரமும் அடுப்படியில நான்தான் நிக்கேன். சீலா மீன் பொரிக்கேன், உப்புப் பாக்கக் கூட நாக்குல வைக்கக் கூடாது. உங்க அண்ணன் தின்னுதாக, நான் மோர் குடிக்கேன். பள்ளிக்கூடத்துல பொன்னுதுரை சார் இருக்காருல்லா, டீச்சர், வாயக் கட்டத் தெரியாம வயித்தக் கட்டப் போறீகளான்னு கேக்காரு. ஸ்டாப் ரூமே சிரிக்கி. அவர் கையில பப்ஸு. நானும் சும்மா விடல, சார் உங்க வாயக் கட்டவும் ஒரு டாக்டர விசாரிச்சிட்டு வாரேன்னுட்டேன். ஆனா பாத்ரூமுக்குள்ள போயி அழுதேன். பசியில இல்ல. ஆத்திரத்துல.

வெட்டி எடுத்ததுல முக்கால்வாசி வயிறு போயிருச்சு. மிச்சம் ஒரு வாழைக்கா அளவுதான். இருமல் மருந்துக்கு ஒரு சின்ன மூடி குடுப்பானே, அதுல ஊத்தி ஊத்திக் குடிக்கணும். கால் மணி நேரத்துக்கு ஒரு மூடி. மடக்குன்னு குடிச்சா வலி உயிர் போயிட்டு வரும். ஒரு மாசம் கழிச்சு சோத்தையும் முட்டை வெள்ளையையும் மிக்சில அடிச்சு நாலு ஸ்பூனு. அப்புறம் அரை இட்லி. அந்த அரை இட்லிய இருபது நிமிசம் மெல்லணும். தின்னும்போது தண்ணி குடிக்கக் கூடாது, தின்னு அரை மணி நேரத்துக்கும் குடிக்கக் கூடாது. முடி கொத்துக் கொத்தா கொட்டிச்சு. இந்தா பாரு, நடுவகிட்டப் பாரு. இதத்தான் அழகுங்க நீ.

சாப்பாட்டு மேசைய வந்து பாத்திருந்தா உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். உங்க அண்ணனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருதான் தண்ணி, பாட்டில்ல கோடு போட்டு வச்சிருக்கு. எனக்குச் சோறு அளவு, அவுகளுக்குத் தண்ணி அளவு. ரெண்டுக்கும் ஒரே மூடிதான். ஒரு நாளு அவுக மூடியத் தூக்கி, ஈவா, நம்ம ரெண்டு பேரையும் பாத்தா கோயில்ல மூடி அளவு திராட்சரசம் குடுக்குத கர்த்தரோட பந்தி மாதிரி இருக்குங்காக. நானும் சிரிச்சேன். சிரிச்சா உள்ள தையல் பிடிச்சி இழுக்கி.

இரு, அசனத்தக் கேளு. நவம்பர்ல கோயில்ல ஸ்தோத்திரப் பண்டிகை, ஊருக்கே பந்தி போட்டு அசனச் சோறு. ஒனக்குத் தெரியும், அசனப் பந்தியில என்னைய எப்பிடி வைப்பாகன்னு. டீச்சர் வந்துட்டாக, அந்த வாளிய இங்கன கொண்டாங்கலேன்னு கத்துவாக. இருபது வருசமா நானும் சிரிச்சிக்கிட்டேதான் தின்னேன். இந்தத் தடவ போக வேண்டாம்னு இருந்தேன். உங்க அண்ணன்தான், நான் வர முடியல, நம்ம குடும்பத்துல ஒருத்தராவது பந்தியில உக்காரணும்ங்காக. போனேன். ரெண்டு கரண்டி போதும் போதும்னு கைய மறிக்கேன், வாளி வச்சிருந்தவன் கேக்கலியே. எலை நெறையச் சோறு, மேல ஆட்டுக்கறிக் குழம்பு. கோயில் கமிட்டில இருக்காரே அய்யாக்குட்டி அண்ணாச்சி, அவரு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு, அசனத்துல மிச்சம் வச்சா ஆண்டவர் குடுத்தத வேண்டாம்ங்க மாதிரி டீச்சர், சாப்பிடுங்கங்காரு. ஊரே பாக்கு. எனக்குந்தான் வைராக்கியம் இருக்கே. ஒரு கறித்துண்ட மென்னு முழுங்கினேன். அது அங்கனயே நின்னுக்கிட்டு. மேலயும் வரல, கீழயும் போகல. மூச்சு முட்டி, வாயில எச்சி ஊறி ஊறி, பந்தியில இருந்து எந்திரிச்சி ஓடி, கோயிலுக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட வாந்தி எடுத்துட்டேன்.

பாஸ்டரம்மா வந்து முதுகத் தடவினாக. தடவிக்கிட்டே, ஆண்டவர் தந்த சரீரத்த ஏன்மா கத்தி வச்சிக் கெடுத்துக்கிட்ட, இந்த வயசுல யாருக்குக் காட்டன்னாக. யாருக்குக் காட்டவாம்! எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தொட்டித் தண்ணிய அவுக தலையில ஊத்திருப்பேன். ஊத்தல. ஊர்வாய மூட உலமூடி உண்டா? வாயக் கழுவிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எல நெறைய நான் வச்சிட்டு வந்த சோறு ஒரு மாசத்துக்கு ஊரெல்லாம் பேச்சு.

யாருக்குக் காட்டன்னு நீயும்தான கேக்க. சொல்லுதேன். மதுரை ஆஸ்பத்திரில இருக்க கமிட்டிக்குக் காட்ட.

ஆமா. உங்க அண்ணனுக்கு நான்தான் கிட்னி குடுக்கப் போறேன்.

எனக்கு ஓ பாசிட்டிவ். சுகர் இல்ல, பிரசர் இல்ல, மத்த எல்லாம் சேந்திருச்சு. உடம்புதான் சேரல. இவ்வளவு பெருத்த ஆளுகிட்ட இருந்து எடுத்தா குடுக்கவளுக்கே ஆபத்து, எழுவத்தஞ்சுக்குக் கொறச்சிட்டு வாங்கம்மான்னுட்டாரு டாக்டரு. அதுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். ஒரு ஆபரேசன் பண்ணிக்கிடதுக்கு இன்னொரு ஆபரேசன். உங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாது. முட்டி வலிக்குன்னு பண்ணிக்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காக. மொதல்லயே சொல்லிருந்தா வேண்டாம்னு ஒரே பிடியா நின்னுருப்பாக. வியாழக்கிழமை மெசினு எழுவத்தஞ்சு காட்டட்டும், சர்ட்டிபிகேட்டக் கையில வச்சிக்கிட்டுத்தான் பேசுவேன்.

ஜாஸ்லின் நான் தாரேம்மாங்கா. பத்தொம்போது வயசு அதுக்கு. நாளைக்குக் கல்யாணம், பிள்ளை, எவ்வளவு கெடக்கு. ஏட்டி, வாயத் தொறந்த, கன்னம் பழுத்துரும்னு சொல்லி வச்சிருக்கேன். நான் அந்த ரெண்டு கிலோவ எறக்கலன்னா அவ அப்பனுக்குத் தெரியாம மதுரைக்கு பஸ் ஏறிருவா. அவ அப்பிடிப்பட்டவ. அதான் நேத்தையில இருந்து மறுபடியும் மோருதான் குடிக்கேன். நீ அல்வாவத் தூக்கிட்டு வார.

கண்ணத் தொட. ஒன்னைய அழ வைக்கதுக்குச் சொல்லல. நீ அழுதத நான் ஏற்கனவே பாத்தாச்சு. இதே சேர்ல உக்காந்துதான் அழுத. போன வருசம் ஜூலையில மதுரைக்குப் போயி, அண்ணனுக்குக் கிட்னி குடுக்க டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்து, சேரல மைனி, என் ரத்தம் சேரலன்னுட்டாகன்னு ஏங்கி ஏங்கி அழுத. உங்க அண்ணன் ஊசி குத்தின கையோட எந்திரிச்சி வந்து ஒன்னையக் கெட்டிப் பிடிச்சாக. விடுல, அதுக்கு நீ என்ன செய்வேன்னாக. நான்தான் உனக்குக் காப்பி போட்டுத் தந்தேன்.

நீ பிளேன் ஏறின மறுநாளு மதுரை ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு. இந்தக் காரியத்தையெல்லாம் பாத்துக்கிடுத பிள்ளை, ஜாய்னு பேரு. வீட்டு நம்பர்னு நீதான் என் நம்பரக் குடுத்திருக்க. மேடம், பெவின் சாரு ரெண்டாவது டெஸ்டுக்கு வரலியே, போனும் எடுக்க மாட்டேங்காக, மொத டெஸ்டு எல்லாமே நல்லாச் சேந்திருக்கே, எப்ப வாராகன்னு கேக்கு.

தலையத் தூக்கு. நான் அடிக்க மாட்டேன்.

அந்தப் பிள்ளைட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவனுக்கு லீவு முடிஞ்சு போச்சும்மா, இனி வரமாட்டான், உடம்பு பெருத்தவுக குடுக்கலாமான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். வேற யார்ட்டயும் இன்னைக்கு வரைக்கும் மூச்சு விடல.

பயமா? பயம் தப்பில்ல தம்பி. உன் பொண்டாட்டி ஜெயபிரியா கையில ரெண்டு வயசுப் பிள்ளை, அவ வேண்டாம்னு அழுதிருப்பா, எனக்குத் தெரியாதா? பயந்தேன்னு சொல்லிருக்கலாம்ல. நானுந்தான் பயந்தேன். மயக்க ஊசி போடும்போது நர்சு கைய விடவே இல்ல நான். பயந்தவன் வாய மூடிக்கிட்டு இருக்கணும். மைனிக்கு அழகாகணுமாக்கும்னு ஊருக்கெல்லாம் வாய்ஸ் மெசேஜ் போடக் கூடாது. அதத்தான் என்னால தாங்க முடியல. மத்தத எல்லாம் முழுங்கிட்டேன் பெவின், அது மட்டும் அந்தக் கறித்துண்டு மாதிரி அங்கனயே நிக்கி.

இல்ல, வேண்டாம். இப்ப நான் தாரேன்னு சொல்லாத. எனக்கு இன்னும் ரெண்டு கிலோதான்.

அன்னா, ஆட்டோ வந்துட்டு. மூஞ்சியத் தொட, எந்திரி. அவுகளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். உன் ரத்தம் சேரலன்னு நீ மனசு விட்டுருக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு ராத்திரியும் உனக்காக ஜெபம் பண்ணுதாக. போயி எறக்கி விடு. மெசின்ல இருந்து வந்தா தலை சுத்தும், ஒரு ஆளு பிடிக்கணும். எடது கையப் பிடிச்சி இழுத்துராத, அதுலதான் ஊசி குத்திருக்கும். வலது கையப் பிடி.