ஜப்பான் ரோட்டுக்கடைக் கருவாடு

"ஹலோ... ஆங்... கேக்குது, கேக்குது. ஏன்யா கத்தற? ... இன்னாது? எங்க கீற? ... ரோட்டு மேலயா? ... ஓ, போற வர்ற வண்டிய நிறுத்தி குந்தற எடமா. ஆங்... ஆங்... அங்கயே கடையும் கீதா. சரி, அதுக்கு இன்னா இப்போ?"

ராயபுரத்தில் தன் கருவாட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடிக்கு, புருஷன் குரலில் இருந்த குஷியே பிடிக்கவில்லை. ஜப்பானில் கார் கம்பெனி என்ஜினியராக இருக்கும் ஒரே மகன் ஜெபினை, சம்பாதித்தது போதும் வாடா என்று கையோடு கூட்டி வரத்தான் தவசிமுத்துவை விமானம் ஏற்றி அனுப்பினாள். மகன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கடையை அவன் கையில் கொடுக்க வேண்டும், வேறு ஒரு ஆசையும் அவளுக்குக் கிடையாது. போன மனுஷனோ பத்து நாளாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"கக்கூஸு பளபளன்னு கீதா? யோவ், அத்த சொல்லவா போன் போட்ட? ... குந்தினா சுடுதண்ணி பீச்சுதா? த்தூ! வேற பேச்சே இல்லியா உனக்கு? ... துன்னியா? இன்னா துன்ன? ... சக்கரவள்ளிக் கெழங்குல ஐஸ்கிரீமா! ஏன், அவிச்சுத் துன்ன அவங்களுக்குப் பல்லு இல்லியா? ... ஊதா கலரா? அப்போ நாக்கெல்லாம் ஊதாவா கீதா? நல்லா இளி. போட்டோ ஒண்ணியும் அனுப்பாத, நான் இன்னும் நாஸ்தாவே துன்னல."

"... கத்திரிக்கா மேல போட்டோவா? ... ஓ, பயிர் வெச்ச ஆளோட போட்டோ. பேரு, ஊரு அல்லாம் எழுதி அலமாரில ஒட்டிக் கீறாங்களா. ஆங்... விக்காம நின்னுச்சுன்னா சாயங்காலம் அவனே வந்து அள்ளிகினு போணுமா? நல்ல பொழப்புயா! கொழம்பு வெக்க கத்திரிக்கா வாங்க வந்தவ, கத்திரிக்காயப் பாப்பாளா, இவன் மூஞ்சியப் பாப்பாளா? நம்ம கடை வாசல்ல உன் மூஞ்சிய மாட்டிப் பாரு, இருக்கற யாவாரமும் எண்ணூர் பக்கம் ஓடிப்பூடும்."

"சரி, அத்த வுடு. பையன் இன்னா சொன்னான்? ... ஊருக்கு வரானா, இல்லியா? கேட்டியா? ... யோவ், கேட்டியான்னு கேக்கறேன், ஜகா வாங்காத. ... இன்னா? அந்தக் கடைல பேஜாராயிடுச்சா? இன்னா பண்ணித் தொலைச்ச?"

"... நெத்திலிக் கருவாடு. ஆங். ... பாக்கெட்டப் பிரிச்சியா! ... பிரிச்சு, தலைய ஒடிச்சு, வாய்ல போட்டியா! ஆண்டவரே! யோவ், அது இன்னா காசிமேடா, கூடையில கைய வுட்டு ஒடிச்சு மென்னு பாத்து வாங்க? ... கை தானா போச்சா? போவும், போவும். இத்தினி வருஷம் ஊரான் கூடையிலயே நாஸ்தாவ முடிச்ச கைதான அது. ... அந்தம்மா திட்டிச்சா? ... குனிஞ்சு குனிஞ்சு கும்புட்டுச்சா? நீ ஓசில துன்னதுக்கு அது கும்புட்டுச்சா! தூக்கி உள்ள வெக்காம வுட்டாங்களே."

"... அதுக்கு மேல நீ உப்பு தூக்கல்னு வேற கையாட்டினியா? பேமானி. ... ஆங், அப்பால? ... போட்டோவக் காட்டிச்சா. அத்த போட்டவன் இவன்தான், இவன்கிட்ட சொல்லுன்னு... ஆங், ஆங். எந்த கெழவன் கீறான் போட்டோல? ... சின்னப் பையனா? ... யாரு மாதிரி? ... மாதிரி இல்லியா?"

ஜெயக்கொடி காதிலிருந்து போனை எடுத்து ஒருமுறை பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"திருப்பிச் சொல்லு. ... நம்ம ஜெபினா? நல்லாப் பாத்தியா? கண்ணாடி போட்டுகினு பாத்தியா? ... பேரும் கீதா."

"... எங்க அவன்? ... வெளியவே நின்னுகினு கீறானா? காரை ஓரமா வுட்டுட்டு வரேன், நீ உள்ள போய் பாருன்னு சொன்னானா. ஓகோ! பத்து நாளா வாயத் தொறந்து சொல்ல தைரியமில்ல, இட்டுகினு போய் அலமாரியக் காட்டறாரா தொரை! ... கம்பெனிய வுட்டு எத்தினி நாளாச்சாம்? ... ரெண்டு வருஷமா? அப்போ நான் சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொன்னது? என் புள்ள காரு செய்றான்னு மைக்குல ஸ்தோத்திரம் பண்ணனே, அது? ... யோவ், ஸ்கூல் சட்டைல கருவாட்டுக் கப்பு அடிக்குதுன்னு அழுதவன்யா அவன்! கடைக்கு வாடான்னா மூக்கப் பொத்திகினு வாசல்லயே நிப்பான். அவனா? ... குடு. போன அவன்கிட்ட குடுயா."

பக்கத்து வலைக்கடையிலிருந்து ஜஸீமா எட்டிப் பார்த்தாள். ஜப்பான் கார்க் கதையை வாரம் தவறாமல் கேட்டுக் காது புளித்துப்போனவள் அவள். இன்றைக்குச் சங்கதி வேறாக இருக்கும்போல் தெரிந்ததும் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ஏண்டா... பேசு. வாய்ல இன்னா கொழுக்கட்டையா? ... ஆங். ... கருவாடு போட ஜப்பானாடா போணும்? இங்க கடல் இல்லியா? வெயில் இல்லியா? நாங்கதான் செத்துட்டமா? ... உனக்குப் புடிச்சுதான் பண்றியா. எது, அந்த நாத்தமா? ... சிரிக்காத, அறைஞ்சேன்னா தெரியும். ... சரி, ஆனது ஆச்சு. கெளம்பி வா. அதே கருவாட்ட இங்க போடு. உன் மூஞ்சியயும் ஒட்டிக்கோ, யாரு வேணாம்னா? ..."

"... நானா? நானா வேணாம்பேன்? ... டேய், வார்த்தைய அளந்து பேசு. ... என் புள்ள கருவாடு போடறான்னு நான் வெளிய சொல்ல மாட்டேனா? வெக்கப்படுவேனா? என்னியப் பாத்தா எப்டிடா தெரியுது உனக்கு?"

மகன் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவாடு விற்றே அவனைப் படிக்க வைத்தவள், அவன் கருவாடு போடுகிறான் என்று கேட்டதும் முதலில் கவலைப்பட்டது சர்ச்சுக்காரர்களை நினைத்துத்தான். கல்லாவை விட்டு எழுந்து, போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏய் ஜஸீமா! இன்னா எட்டி எட்டிப் பாக்கற? கேட்டுக்க. என் புள்ள காரும் செய்யல, கீரும் செய்யல. கருவாடு போடறான்! ஜப்பான்ல, ரோட்டோரக் கடைக்கு! அவன் மூஞ்சியப் பாத்துத்தான் வாங்கறாங்களாம். போ, போய் அல்லாருக்கும் சொல்லு!"

"கேட்டுச்சாடா? ... கேட்டுச்சா இல்லியா? ... ஆங். சொல்ட்டேன்ல? இப்போ வா. ... ஏன்? ... ம். ... ம். ... அங்கயே வூடு பாத்துட்டியா. ... எங்கள வரச் சொல்றியா? நான் வந்து அந்தக் கெழங்கு ஐஸ்கிரீம நக்கிகினு குந்தணுமா? ... வரமாட்ட. ... நேராச் சொல்லு, வரமாட்டதான? ... ம். ... யாருடா அழறா? கடைல ஆள் கீது. ... சரிடா. சரின்னேன்ல. ... நல்லாரு. உங்கப்பனயாவது ஒழுங்கா பிளேன் ஏத்தி அனுப்பு. ... ஆங், துன்னேன், துன்னேன். ... வெக்கறேன். ... ம், வெக்கறேன்டா. ... நீ வை மொதல்ல. ... ஹலோ? ... ஹலோ?"

"வெச்சுட்டான்."