புகை சாய்ந்த பக்கம்

பனியில் விழுந்தால் அவ்வளவாக வலிக்காது. பதினோரு தடவை விழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மகள் காவியாவும் மருமகன் கைலாஷும் ஜப்பானில் வேலை பார்க்கிறார்கள். போன பிப்ரவரியில் என்னையும் கைலாஷின் அப்பா நெல்லைநாயகத்தையும் சங்கரன்கோவிலிலிருந்து வரவழைத்து, பனிச்சறுக்குக்காக ஓர் எரிமலைக்குக் கூட்டிப் போனார்கள். உச்சியில் எப்போதும் புகை வந்துகொண்டிருக்கும் மலை அது.

சம்பந்தி ரெவின்யூ ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டே நாளில் சறுக்கப் பழகிவிட்டார். நான் விழுவதையெல்லாம் செல்போனில் பிடித்து, பாட்டுச் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் எழுந்து பனியைத் தட்டுவதற்குள் ஊரில் சொந்தக்காரர்கள் குருவிகுளம் வரைக்கும் சிரித்து முடித்துவிட்டார்கள். அதற்காக நான் கோபப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் மதியம், வெயில் பளிச்சென்று இருந்தபோது சம்பந்தி கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க மானத்தப் பாத்து வெள்ளாம பண்ணுத ஆளு. இன்னொருக்க மேல போயிட்டு வரலாமா?"

நாற்பது வருஷமாக மானாவாரி விவசாயம் செய்கிறவன் நான். காலையில் நேராக எழுந்த எரிமலைப் புகை, இப்போது எங்கள் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. காற்று திரும்பிவிட்டது. அரை மணி நேரத்தில் பனிப்புயல் மலையை மூடிவிடும்.

"ஒண்ணுஞ் செய்யாது. தாராளமாப் போயிட்டு வாங்க" என்றேன்.

இருபதே நிமிடம். நீட்டிய கை தெரியவில்லை. மீட்புக்காரர்களுடன் கைலாஷ் ஓடிவந்தான்.

"மாமா, அப்பா எந்தப் பக்கம் போனாங்க?"

அவர் இடப்பக்கச் சரிவில் இறங்கியதைப் பார்த்திருந்தேன். வலப்பக்கம் காட்டினேன். அவர்கள் போனதும் சூடாக ஒரு சூப் வாங்கிக் குடித்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

இரண்டு மணி நேரம் கழித்து காவியா என் தோளில் சாய்ந்து அழுதாள். "யப்பா, நல்லா யோசிச்சுப் பாருங்கப்பா." பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது. இடப்பக்கமாகவும் இருக்கலாம் என்றேன்.

உயிரோடு கிடைத்தார். குளிரில் விறைத்து கால்விரல் மூன்று போயிற்று. நடப்பதற்கு அவை அவ்வளவு முக்கியமில்லை என்று டாக்டரே சொன்னார். என்னால்தான் பிழைத்ததாக இப்போது ஊரெல்லாம் சொல்லுகிறார், நான் மறுப்பதில்லை.

அவர் சாகவேண்டும் என்று ஒரு கணமும் நான் நினைத்ததில்லை. காவியா அழ இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நீங்கள் கேட்கலாம். அவள் இளகின மனசுக்காரி. அவ்வளவு நேரம் தாங்கமாட்டாள் என்று பெற்றவனுக்குத் தெரியாதா?