சொல்தா வண்டியின் கண்கள்

ஐயா, உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். நான் ஆறாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் என்னிடம் பிழை இருக்காது.

என் பெயர் குழந்தைவேல். வில்லியனூர் கடைத்தெருவில் பம்புசெட் இன்ஜின் ரிப்பேர் செய்கிறேன். அந்தக் கடையில் நான் ஒருவன் இருப்பது என் பெண்டாட்டி வள்ளியம்மைக்கும், இன்ஜின் நின்றுபோன விவசாயிக்கும் தவிர வேறு யாருக்கும் பதினெட்டு வருஷமாகத் தெரியாது. 1977 தை மாதம் குருவிநத்தம் சிங்காரவேலு அண்ணன் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய பிறகுதான் நானும் ஒரு மனுஷன் ஆனேன்.

அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர். அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். கப்பலில் கூடவே வந்தது அந்தக் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, எருமைக்கன்று உயரம்தான் இருக்கும். ஹெட்லைட் இரண்டும் பகலில் மூடிக் கிடக்கும். சுவிட்சை இழுத்தால் இமை திறப்பதுபோல மேலே எழும்பும். தூக்குவது மோட்டார் இல்லை. குழல் போட்டு இளநீரை உறிஞ்சுகிறோமே, அப்படி இன்ஜின் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ஒரு தகர டப்பாவில் சேர்ந்திருந்து இமைகளைத் தூக்கிப் பிடிக்கும். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது பிடி தளர்ந்து இமை சொருகிவிடும். காலை எடுத்தால் திரும்பவும் திறக்கும்.

டவுனில் எவனுக்கும் பிடிபடாத இந்தச் சங்கதி எனக்கு அரை நாளில் பிடிபட்டது. குழாயை மாற்றி, இணைப்புகளில் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினேன். இமைகள் எழும்பின. வேடிக்கை பார்த்த கூட்டம் கை தட்டியது. பக்கத்து சைக்கிள் கடை ஷேக் மைதீன் பாய் அன்றைக்கே எனக்குக் கண் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறு வாரம் கடை வெறிச்சென்று கிடந்தது. கை தட்டியவனெல்லாம் என்னைத் தாண்டி வெற்றிலை வாங்கப் போனான். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் ஆயில் மாற்ற வந்தபோது வள்ளியம்மையின் தையல் ஊசியை எடுத்து, குழாயின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு குத்துக் குத்தினேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கார் வந்தது. பழைய ஓட்டையை அடைப்பேன், ஊரே பார்க்கும். புது ஓட்டை போடுவேன், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். அண்ணனுக்கும் இதில் நன்மைதான். வேகமாகப் போனால் விளக்கு மூடும், மெதுவாகப் போனால் திறக்கும். அந்த வயதிலும் பறந்துகொண்டிருந்த மனிதரை நிதானமாக ஓட்ட வைத்தது என் ஊசிதான். பெற்ற தாய்கூட இதைச் செய்திருக்க முடியாது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பாய்தான் வாயைத் திறந்தார்.

“இன்னா டாக்டரே, ரெண்டு வைப்பர் மோட்டாரு மாட்டிவுட்டா வேல முடிஞ்சிது. காத்தும் வாணாம், கொழாயும் வாணாம்.”

அண்ணன் முகம் மலர்ந்துபோனது. “அப்போ வர்ற வெள்ளிக்கெழம மாட்டிடுப்பா. அப்புறம் ஒன்ன தொந்தரவே பண்ண மாட்டேன்.”

சிரித்துக்கொண்டே சொல்கிறார். மோட்டார் மாட்டினால் இமை ஒருநாளும் விழாது. பிறகு நான் யார்? பழையபடி பம்புசெட்காரன்.

அவர் கிளம்புவதற்குள் ஐந்து குத்துக் குத்தினேன். விளக்கு வைக்கிற நேரம். ஊருக்குத் திரும்பும் வழியில் பாகூர் ஏரிக்கரையில் ஏறியதும் அவர் அழுத்தி மிதிப்பார். அவரோடு உட்கார்ந்து போயிருக்கிறேன், எனக்குத் தெரியும். மிதித்ததிலிருந்து பதினைந்து எண்ணினால் வளைவு வரும். ஒரு ஓட்டை இருந்தால் இமை விழ அறுபது எண்ண வேண்டும். ஐந்து இருந்தால் பன்னிரண்டு. பயந்துபோய் வண்டியை ஒரேயடியாக என் கடையில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மற்றபடி அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

என் எண்ணிக்கை தப்பவில்லை. கார் கரையிலிருந்து சறுக்கிப் பனைமரத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்தது. ஹெட்லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் கண்ணாடிதான் உடைந்து அண்ணன் முகத்தில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சுலோசனா அண்ணி உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதும் அண்ணன் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டிய வேற எவனும் தொடக் கூடாதுப்பா. நீதான் பாத்துக்கணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு நம்பியதில்லை.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். என்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நேற்று ஏட்டு நாகராஜன் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். மெக்கானிக்கின் கவனக்குறைவால் குழாய் வெடித்து விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நானாகவே நடந்து வந்தேன். ஐயா, குழாய் வெடிக்கவில்லை. ஐந்து ஓட்டையும் விரற்கடை இடைவெளி விட்டு, அளந்து நான் போட்டவை. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கேட்டதும் மனசு தாங்கவில்லை. அதனால் கடைக்கு இழுத்து வந்த வண்டியில் ஒரு குறையும் வைக்கவில்லை. புதுக் குழாய் போட்டிருக்கிறேன், ஓட்டை ஒன்றுகூட இல்லை. இங்கே கிளம்பும் முன் இன்ஜினை ஓடவிட்டுச் சுவிட்சை இழுத்தேன். இமை இரண்டும் ஒன்றாக எழும்பி அப்படியே நின்றன. அண்ணன் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார்.