கழித்த தண்ணீர்

கடல் காற்று படாத ஊரில் எனக்குப் பசி எடுக்காது, ஐயா. அதனால்தான் அந்த மலைக்கு நான் போகாமல் யசோதராவை அனுப்பினேன். எண்ணூர்ப் பெண், மண்ணியல் படித்தவள், எங்கள் ராயபுரம் அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று நாள் ஓடையோடு ஏறி, ஐம்பது மீட்டருக்கு ஓரிடம் நின்று, கரையில் எவ்வளவு மண் தளர்ந்திருக்கிறது, அடியில் எவ்வளவு கல் கிடக்கிறது என்று அளந்து வந்தாள். முழங்கால் இரண்டும் தோலுரிந்திருந்தன.

தேயிலைத் தோட்டக்காரர்கள் கேட்டது ஒரே ஓர் எண். பெருமழையில் அந்த ஓடை வழியாக எத்தனை கன மீட்டர் சேறும் கல்லும் கீழே இறங்கும்? இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் என்றால் ஓடையோரத்தில் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகள் பதினொன்றையும் காலி செய்வார்கள். குறைவு என்றால் ஆட்கள் அங்கேயே இருக்கலாம்.

அவள் கணக்கு நாற்பத்திரண்டாயிரம். நான் அதை இருபத்துமூன்றாயிரம் ஆக்கினேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் தூர் அளந்தவன் நான். தோண்டியெடுத்த சேறு படகு நிறைய வரும், அதில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்தான். தண்ணீரைக் கழித்துவிட்டு மண்ணை மட்டும் எழுதுவோம். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்வார்கள். கை பழக்கத்தில் கழித்துவிட்டது.

யசோதரா அதைப் பார்த்தாள். எல்லோரும் இருக்கும்போதே சொன்னாள்.

“இது ஹார்பர் சேறு இல்லண்ணா. தண்ணி, கல்லு, மண்ணு எல்லாம் ஒண்ணா சேர்ந்துகினுதான் வூட்டு மேல வுழும். தண்ணி மட்டும் தனியா ஒதுங்கி நின்னுக்குமா?”

வரைபடம் போடும் அலி அக்பர் சிரித்தான். “இன்னா மாமு, பொண்ணு உன் கணக்கையே கவுத்துட்சே?”

நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். “திருத்தி அனுப்பிடறேம்மா” என்றேன். அவள் என்னை நம்பி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் திருத்தாமல் அனுப்பினேன்.

என் எண்ணை அதுவரை யாரும் திருத்தியதில்லை, ஐயா. மழைக்காலம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அடுத்த வருடம் மெதுவாக வேறொரு அறிக்கையில் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு போன் போட்டிருந்தால் போதும். பத்தொன்பது நாள் இருந்தது. காசிமேட்டில் மீன் வாங்கினேன், வேலைக்குப் போனேன், வந்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலை ஓடை இறங்கியது. பதினொரு வீடும் போயிற்று. பதினான்கு பேர். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்த நேரம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

கையெழுத்து அவளுடையது என்பதால் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள். நாலு நாளாக ‘அண்ணன் திருத்தறேன்னாரு’ என்று அவள் இங்கே சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்தேன். நேற்று அவள் அம்மா அங்கம்மா என் வாசலில் வந்து நின்றார். “நைனா, நீ ஒரு வார்த்தை சொன்னா வுட்ருவாங்க. உன்ன கூடப்பொறந்தவனா நெனச்சிகினு கீது அது” என்றார். கதவுக்கு உள்பக்கம்தான் நின்றிருந்தேன். திறக்கவில்லை. அவர் போனபிறகு கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கக் கூசியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் காகிதத்தில் வருமோ வராதோ தெரியாது. சரிவுக்கு மறுநாள் நான் மலைக்குப் போனேன். போய்க் குவியலை அளந்தேன். பக்கத்தில் வெறுங்கையால் சேற்றைத் தோண்டி ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொன்பதாயிரம் வந்தது. திரும்ப ஒருமுறை அளந்தேன், அதேதான். அவள் சொன்னது நாற்பத்திரண்டு. அவளும் மூவாயிரம் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று, அங்கே நின்றபடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.