ஒரு ஜோடி புது லாக்

பழைய சாமானைத் திருப்பித் தராத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள், ஐயா. கழற்றிய பாகங்களைத் துணியில் முடிந்து டிக்கியில் வைத்துத்தான் நான் எந்த வண்டியையும் அனுப்புவேன். இத்தனை நாள் உழைத்தது எது என்று சொந்தக்காரர் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பள்ளத்திலிருந்து எடுத்துவந்து உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அது நான் கட்டிய மூட்டைதான்.

கார் என் அப்பாவுடையது. நானும் தங்கையும் பிறக்குமுன்பே வீட்டுக்கு வந்தது. அப்பா போனபின் தங்கை கணவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கில்லை.

இன்ஜின் மேலே கடகடவென்கிறது என்று என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தேன். வால்வுகளை அமுக்கும் ராக்கர் கைகளின் நுனியில் குழி விழுந்திருந்தது. ஸ்பிரிங்குகள் சோர்ந்திருந்தன. ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அரை வளையமாக ஒரு ஜோடி லாக் உண்டு, நகத்தளவுதான். வால்வு இன்ஜினுக்குள் விழாமல் பிடித்திருப்பவை அவைதான். அவையும் தேய்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் அவர் புதுசு வாங்கிக் கொடுத்தார்.

நான் மாட்டும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மச்சான், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவிக்கிட்டே இருக்கீங்க?"

"எண்ணெய் போடாம மாட்டினா கடிச்சிடும், மாப்பிள்ளை."

"சரி சரி. தேய்க்கிறது நீங்க, ஓட்டுறது நாங்க. உங்கப்பா இருந்தாலும் ஆளைப் பாத்துதானே சாவியைக் கொடுத்திருப்பாரு?"

சாப்பாடு கொண்டுவந்த தங்கை சிரித்துவிட்டாள். "சும்மா இருங்க. அண்ணா மூஞ்சி சுருங்குது பாருங்க" என்றாள்.

நான் கோபப்படவில்லை. கோபம் பாவம். ஆனால் அவர் அவளை அதட்டுவது எனக்குத் தெரியும். ஒருமுறை நாலு பேர் முன்னால் "உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்டார். அவளுக்கு ஒரு நல்லது செய்யக் கடவுள் வழி காட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஒரே ஒரு வால்வில் மட்டும் பழைய லாக்கையே மாட்டினேன். நிதானமாக ஓட்டினால் அது தாங்கும். மலை இறக்கத்தில் சின்ன கியரில் இன்ஜினை அலறவிட்டு இறங்குவது அவருக்கு விளையாட்டு. அதற்குத் தாங்காது. வால்வு உள்ளே விழும், இன்ஜின் இறுகும், பின்சக்கரங்கள் நின்றுபோகும். மீதியை வளைவு பார்த்துக்கொள்ளும். மூடியைப் பூட்டுமுன் கும்பிடுவது என் வழக்கம். அன்றும் கும்பிட்டேன்.

மீந்த புது ஜோடியை மூட்டையில் போட்டேன். தேய்ந்தவற்றுக்கு நடுவில் அது பளபளத்ததால்தான் என்னைத் தேடி வந்தீர்கள். எங்காவது எறிந்திருக்கலாமே என்கிறீர்கள். அவர் வாங்கிய பொருள், ஐயா. அடுத்தவர் பொருளை நான் வீணாக்கியதில்லை.

மறுநாள் காலையில் மலைக்குப் போக அவர் வண்டி எடுக்கும்போது தங்கையும் கைப்பையோடு வந்து நின்றாள். அவளும் போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அண்ணா, நம்பி ஏறலாமா?"

"உங்கண்ணன் கைவேலை. வழியில நின்னா நீதான் இறங்கித் தள்ளணும்" என்றார் அவர்.

அவள் மறுபடியும் சிரித்தாள். நான் "போயிட்டு வாம்மா" என்றேன்.

அவள் இருந்த பக்கம்தான் முதலில் பாறையில் மோதியது என்கிறீர்கள். கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கதவை நான்தான் சாத்தினேன், ஐயா. புடவைத் தலைப்பு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டிக் கிழிந்துவிடப் போகிறதே என்று அதை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் சாத்தினேன்.