பதிமூன்று பல் ஸ்பிராக்கெட்

பைக்கை விற்றபோது ஓர் உண்மையை மறைத்தேன். மேகமலை ஏற்றத்துக்காக, செயினை இழுக்கும் பல்சக்கரமான முன்பக்க ஸ்பிராக்கெட்டைப் பதினான்கு பல்லிலிருந்து பதிமூன்றாக மாற்றியிருந்தேன். வண்டி மேடு ஏறும்; சமவெளியில் பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

பிறகு ஒருநாள் கம்பம் பேருந்தில், வாங்கியவர் எனக்கு முன் இருக்கையில் மைத்துனரோடு பேசிக்கொண்டு வந்தார்.

"வண்டியா பெட்ரோல் குடிக்குது? சர்வீசுக்கு விடுறேன்ல, அந்த மெக்கானிக்குல்ல குடிக்கிறான், மாப்ள!"

"டேங்க்ல இருந்து உருவுறதப் பாத்தீகளா மச்சான்?"

"பாக்கணுமாக்கும்? ஊரெல்லாம் சொல்லிட்டேன். இனி எவன் அங்கன வண்டிய விடுவான்?"

மறுநாள் மெக்கானிக்கை வைத்துக்கொண்டே வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லி, என் செலவில் பதினான்கு பல்லை மாட்டிக் கொடுத்தேன்.

போன வாரம் அதே பேருந்தில் அதே இருவர் முன்னால் இருந்தார்கள்.

"விக்கும்போது சொல்லாத மனுசன் இப்ப எதுக்கு வலிய வந்து சொல்றாரு? அவரும் மெக்கானிக்கும் கூட்டு, மாப்ள."