கம்முனு ஓடுற பம்பு

ஆடாத சார், ஆடுனா கயிறுதான் இறுகும். கத்து, எவ்ளோ வேணாலும் கத்து. ஞாயித்துக்கெழம அம்பத்தூர் எஸ்டேட்ல ஈ காக்கா கெடையாது.

இன்னாத்துக்கு பம்பாண்ட கட்டி வெச்சிக்கீறன்னா கேக்கற? எம் மச்சான் கங்காதரன் நின்ன எடம் சார் அது. நீ மேனேஜரு, அன்னிக்கி ரூம்ல குந்திகினு இருந்த. பாத்தவன் நானு. கேளு.

பம்பு தண்ணி பத்தாம இழுத்துச்சின்னா உள்ள குமிழி குமிழியா வெடிக்கும். டப்பால ஜல்லி போட்டுக் குலுக்குனா மாதிரி சத்தம் வரும். உள்ள சக்கரத்த அரிச்சித் தின்னுதுன்னு அர்த்தம். மச்சான் நீட்டு ஸ்க்ரூ டிரைவர பம்பு மேல ஊணி, பிடிய காதுல வெச்சிக் கேப்பான். ஜல்லி சத்தம் வந்தா டக்குனு ஆஃப் பண்ணிருவான். அந்தக் காத நம்பித்தான் இருவது பேரு வேல செஞ்சோம்.

நீ இன்னா பண்ண? பம்பு செக்கிங்குக்கு ஆளு வராங்கன்னு வெள்ளப் பொடி வாங்கியாந்த. பாலிமரு, பம்பு தண்ணி இழுக்கற தொட்டில கலந்தா சத்தம் அமுங்கிரும்ன. அமுங்கிச்சி, இல்லன்னு சொல்லல. முத்திர குத்தினு போய்ட்டாங்க. ஆனா அரிப்பு நிக்கலியே சார். தொட்டித் தண்ணிய எறச்சிரலாம்னு சொன்னேன், இன்னும் ரெண்டு பம்பு செக்கிங்குக்கு பாக்கி கீது, வுடுன்ன.

மறுநாளு லீவு முடிஞ்சி மச்சான் வந்தான். பொடி சமாச்சாரமே அவனுக்குத் தெரியாது. காத வெச்சான். கம்முனு கீதுடா, நல்ல பம்புன்னு என்னப் பாத்து சிரிச்சான். அப்பதான் சக்கரம் ஒடஞ்சி இரும்பு ஓடு வெடிச்சிச்சி. சிரிச்ச மூஞ்சில பாதி இல்ல. காத நான்தான் செவுத்துலேந்து பிச்சி எடுத்தேன். துணிய வெலக்கிக் காட்டுன்னு எந்தங்கச்சி வடிவு எங் கால்ல வுழுந்து அழுதா.

மொறைக்காத. இப்ப ஓடுதே, இதுலயும் அரிச்ச சக்கரந்தான். எப்ப வெடிக்குமா? காதக் குடுத்துக் கேளேன். ஒண்ணியும் கேக்காது, காலைலயே பொடி போட்டுட்டேன்.

அன்னிக்கும் கலக்குனது நான்தான சார். அவன் காத வெச்சப்ப பக்கத்துலதான் நின்னேன். வேல பூடும்னு பயந்துகினு வாயே தொறக்கல.

கொஞ்சம் நவுரு, நானும் குந்திக்கறேன்.